குழிக்கரை ஆடும் பகுதியா?

திடநாடு என்றொரு நாடு இருந்தது. அதன் தெற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், குழிக்கரை என்றோர் ஊர். அந்த ஊரில் ஒரு காலைப்பொழுதில் சடையப்பன் என்பவன் கொல்லைச் சுவரில் ஏறி நின்று முருங்கைக்காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே அவன் மகள் வெண்ணி பாவாடையை விரித்து ஏந்தினாள். அவன் மனைவி உமையாள் ஒரு காயை ஒடித்துப் பார்த்தாள்.

“முத்தல். விதையெல்லாம் பட்டாணி கணக்கா இருக்கு.”

“முத்தினதுலதான் ருசி. நீ என்னைக் கட்டிக்கிட்டப்போ நான் என்ன பிஞ்சாவா இருந்தேன்?”

“அப்பவும் நார்தான்.”

அவன் சிரித்துக்கொண்டே இறங்கி வீட்டுக்குள் போனான். “அரிவாமணை எங்க?” என்று உள்ளிருந்து கேட்டான். “அடுப்புக்குப் பக்கத்துல” என்றாள். அவன் அதைக் கண்டுபிடித்தானா என்பது தெரியாது. அப்போது நிலம் ஆடியது. எட்டு விநாடி. வீட்டுக்குக் கல் கூரை.

குழிக்கரையில் அன்று பதினோரு கூரைகள் விழுந்தன. செத்தது சடையப்பன் ஒருவன்தான். மற்றவர்கள் வயலிலோ கொல்லையிலோ இருந்தார்கள்.

கல் கூரை என்பது அந்த நாட்டில் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. திடநாடு உலகிலேயே அசையாத நாடு என்பது அரசின் கொள்கை. பனையோலையோ மூங்கிலோ வேய்ந்துகொள்பவன் காலடி மண்ணைச் சந்தேகிக்கிறான் என்று பொருள். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முழம் கனத்தில் கல் பாவ வேண்டும் என்று சட்டம். ஆடும் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி அறிவிக்கப்பட்ட ஊர் ஒன்றுகூட இல்லை என்பதால் சட்டம் எல்லோரையும் சமமாக நடத்தியது.

விழுந்த கூரையை நாற்பது நாளில் மறுபடி ஏற்றிவிட வேண்டும். ஊரார் கூடி அதே கற்களைக் கழுவி, அதே சுவர்கள்மேல் ஏற்றிக் கொடுத்தார்கள். உமையாளும் வெண்ணியும் வாசலில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சேவகன் வந்து, சொந்தக் கூரை இருக்க வெளியே படுப்பது கூரையை அவதூறு செய்வதாகும் என்று ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து இருவரும் உள்ளே படுத்தார்கள். உமையாள் கற்களை எண்ணினாள். பதினாறு. அவற்றில் ஒன்று சடையப்பன்மேல் விழுந்தது. எது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இனி வேண்டியது ஒன்றுதான். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் வெண்ணியின் தலைக்கு மேலிருந்து அந்தக் கற்களை இறக்கிவிட வேண்டும். அதற்குக் குழிக்கரை ஆடும் பகுதி என்று எழுதி வாங்க வேண்டும்.

இதற்கென்று அரசே ஒரு சிறு நூல் வெளியிட்டிருந்தது. ‘உங்கள் பகுதி ஆடுமா? அறிந்துகொள்ள எளிய வழி’ என்று அதற்குப் பெயர். உமையாள் படிக்கத் தெரிந்தவள். இரண்டு முறை படித்தாள். நூல் சொன்னது இதுதான்: உங்கள் காலடியில் நிலம் ஆடியதாகத் தோன்றினால் பதற வேண்டாம். அருகிலுள்ள அதிகாரியிடம் சென்று, ஆடியதா என்று கேட்டறியவும். அவர் ஆடவில்லை என்றால் ஆடவில்லை. ஆடியது என்றால், அவர் பித்தளைச் சங்கிலி தரத்துக்குக் குறையாதவராகவும், அந்த நேரத்தில் தம் பணி ஆசனத்தில் அமர்ந்திருந்தவராகவும் இருத்தல் அவசியம்.

இங்கே அந்த நாட்டின் ஆசனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல தலைமுறைக்கு முன் ஓர் அரசர் தோட்டத்தில் உலாவும்போது காலில் நெருஞ்சி முள் குத்திவிட்டது. மந்திரிசபை உடனே கூடி, ஆள்கிறவர் கால் தரையில் படுவது நாட்டுக்கு ஆபத்து என்று தீர்மானித்தது. அன்று முதல் அரசாங்கம் ஊஞ்சலில் நடக்கிறது. குமாஸ்தாவுக்குக் கயிற்று ஊஞ்சல், மேற்பார்வையாளருக்கு இரும்புச் சங்கிலி, ஆணையருக்குப் பித்தளை, எல்லோருக்கும் மேலே இருக்கும் தலைமை ஊஞ்சலாருக்கு வெள்ளி. ஓர் ஊஞ்சலிலிருந்து இன்னொன்றுக்குப் பல்லக்கில் போவார்கள். கால் தரையில் பட்டால் அந்த நொடியே பதவி போய்விடும்.

அரசர்கள் காலம் போய் மக்களாட்சி வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். முன்பக்கமாகத் தள்ளுவோம் என்றது ஒரு கட்சி, பின்பக்கமாகத் தள்ளுவோம் என்றது மற்றது. மக்கள் தீவிரமாகச் சண்டை போட்டு, சிலர் மண்டை உடைந்து, வாக்களிப்பார்கள். யார் வென்றாலும் ஊஞ்சல் முன்னும் போகும், பின்னும் வரும்.

உமையாள் மனுவோடு நில உறுதி அலுவலகத்துக்குப் போனாள். வாசலிலேயே கயிற்று ஊஞ்சலில் குமாஸ்தா ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கயிறு பழையது, தொய்ந்து, அவர் பெருவிரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

மனுவைப் படித்தவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, “எனக்கும் தெரிஞ்சுதும்மா,” என்றார் மெதுவாக. “கால் வழியா சுர்ருனு ஏறிச்சு.”

“அப்படின்னா நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“நான் கயிறும்மா. கயிறுக்குத் தெரிஞ்சது கணக்குல வராது. அதுவுமில்லாம கால் பட்டுதுன்னு ஒத்துக்கிட்டா இந்தக் கயிறும் போயிடும். உள்ள போ. ஐயா நல்ல மூடுல இருக்காரு, இப்பத்தான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டாங்க.”

உள்ளே ஆணையர் பூவராகனார் பித்தளைச் சங்கிலியில் விசாலமாக ஆடிக்கொண்டிருந்தார். ஒரு சேவகன் பின்னாலிருந்து தள்ளினான். அவர் முன்னால் வரும்போது மட்டுமே பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பதால் உமையாள் அதற்கேற்ப நின்று பேசப் பழக வேண்டியிருந்தது.

“என்னைக்கு ஆடிச்சு?”

“சித்திரை ஒன்பதாந் தேதி, காலையில, ஐயா.”

பூவராகனார் பின்னால் போய்த் திரும்பி வந்தார். “சரி. அன்னைக்கு எனக்கும் ஆடிச்சு.”

உமையாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. “ஐயா, அப்படின்னா...”

“எட்டாந் தேதியும் ஆடிச்சு. பத்தாந் தேதியும் ஆடிச்சு. இப்பவும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. இதுல எது உங்க ஊர் ஆட்டம், எது என்னோட ஆட்டம்னு நான் எப்படிம்மா பிரிச்சுச் சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“ஒரே ஒரு தடவை கீழ இறங்கி நின்னு பாருங்க ஐயா.”

தள்ளிக்கொண்டிருந்த சேவகனின் கை நின்றுவிட்டது. அலுவலகம் முழுவதும் பேனாக்கள் நின்றன. பூவராகனார் கோபப்படவில்லை; வருத்தப்பட்டார். “உன் புருஷன் போன துக்கத்துல பேசற. நான் கேக்காத மாதிரி இருந்துடறேன். மனுவை மேல அனுப்பறேன், போ.”

மனு மேலே போனது. தலைமை ஊஞ்சலார் தாமே அதைக் கையாண்டார். நிலத்தைப் பற்றிய சந்தேகம் நிலத்தை நன்றாக அமுக்கி வைக்காததால் வருகிறது என்று அவர் கண்டறிந்தார். ஆகவே குழிக்கரையில் எல்லாக் கூரைகளுக்கும் இரண்டாவது அடுக்குக் கல் பாவும்படி ஆணை வந்தது. உமையாள் வீட்டில் பதினாறு முப்பத்திரண்டாயிற்று.

சுவர்கள் பாரம் தாங்காமல் விரிசல் விட்டன. அதைப் பற்றி யாரோ புகார் எழுதினார்கள். விரிசல் என்பது சுவரில் எழுதப்பட்ட வதந்தி என்று அடுத்த ஆணை விளக்கியது. வீட்டுக்காரர்கள் தாமே அதைப் பூசி மறைக்க வேண்டும். ஊர் எல்லையில் ‘அசையாத ஊர் தங்களை வரவேற்கிறது’ என்று ஒரு பலகையும் நட்டார்கள். அது சாய்ந்துகொண்டே இருந்ததால் இரண்டு பேர் முறை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அம்மா,” என்று கேட்டாள் வெண்ணி, இரண்டடுக்குக் கல்லைப் பார்த்தபடி. “சர்க்கார் நம்மள மறந்துடறதுக்கு ஏதாச்சும் மனு இருக்கா?”

“இருந்தா அதையும் அவங்ககிட்டத்தான் குடுக்கணும்,” என்றாள் உமையாள்.

அவள் மறுபடி எழுதினாள். ஆணையர் இங்கே வந்து, இந்த ஊரிலேயே இருந்து பார்க்கட்டும் என்று கேட்டாள். எப்படியோ அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நிலைமையை நேரில் அறியும் குழு என்று பெயரிட்டு, பூவராகனார் தலைமையில் மூன்று பித்தளைச் சங்கிலிகள் பல்லக்கைவிட்டு இறங்காமலே வந்து சேர்ந்தன. ஊர்ப் புளியமரத்தில் மூன்று ஊஞ்சல்கள் கட்டினார்கள். தள்ளுவதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை. பத்து நாள் நிலத்தைக் கவனிப்பது திட்டம். காலையில் பதநீர், மதியம் வெள்ளாட்டுக் கறி, மற்ற நேரத்தில் கவனிப்பு.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நிலம் ஆடியது. முன்னதைவிடக் கடுமையாக ஆடியது. ஊரில் நான்கு கூரைகள் விழுந்தன. குழுவை வேடிக்கை பார்க்க ஊர் முழுவதும் புளியமரத்தடியில் கூடியிருந்ததால் ஒருவரும் சாகவில்லை. அரசாங்கத்தால் அந்த ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அது. நின்றவர்கள் விழுந்தார்கள். விழுந்தவர்கள் உருண்டார்கள். கறிச்சட்டி தானே நடந்துபோய்க் குளத்தில் இறங்கியது. பூவராகனாரைத் தள்ளிக்கொண்டிருந்த ஆள் பத்தடி தள்ளிக் குப்புறக் கிடந்தான். அவர் ஊஞ்சல் மட்டும் அருமையாக ஆடிற்று.

கண்ணை மூடியிருந்த பூவராகனார், “யாருப்பா தள்றது? பிரமாதம்,” என்றார். “இன்னும் கொஞ்சம்.”

அடங்கியதும் உமையாள் புழுதியோடு எழுந்து ஓடி வந்தாள். “ஐயா! பாத்தீங்களா? இப்பவாச்சும் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.” அவர் கண்ணில் உண்மையான கலக்கம் தெரிந்தது. “கண்ணைத் திறந்தா எல்லாரும் தரையில கிடக்கறீங்க. உடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. எத்தனை நாளா இருக்கு இந்த வியாதி?”

குழுவின் அறிக்கை பதினைந்தே நாளில் வந்தது. திடநாட்டு வரலாற்றில் அத்தனை விரைவாக எந்த அறிக்கையும் வந்ததில்லை. சம்பவ இடத்திலேயே அமர்ந்திருந்த மூன்று மூத்த அதிகாரிகளும் வழக்கத்துக்கு மாறாக எதையும் உணரவில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், பொதுமக்கள் நடுங்கினார்கள், விழுந்தார்கள், கூச்சலிட்டார்கள். இதிலிருந்து பெறப்படும் முடிவு: குழிக்கரையில் நிலம் ஆடுவதில்லை, மக்கள் ஆடுகிறார்கள். அவர்களுடைய நடுக்கம் சுவர்களில் ஏறி, தரமான அரசுக் கூரைகளைக் கீழே தள்ளுகிறது.

எனவே இப்படிப்பட்ட மக்களிடமிருந்து கூரைக் கற்களைப் பாதுகாக்கும்பொருட்டு, அவற்றை உடனடியாக இறக்கித் தலைநகருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மக்கள் ஓலை வேய்ந்துகொள்ளலாம்.

உமையாள் இதை ஏகாம்பரத்தின் முன்னால் நின்றபடி படித்தாள். கடைசி வரியை நான்கு முறை படித்தாள்.

“கல்லை எடுத்துக்கிட்டுப் போறாங்களா? மெய்யாவா?”

“மெய்தான். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு உறுதிமொழி எழுதி வாங்கணும். உன் வீட்டுக்குத் தனி மாதிரி. சாவு நடந்த வீடு இல்லியா? ஐயா கையாலயே வாங்கிக்கணும்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தாள் பூவராகனாரின் மடியில் இருந்தது. ஊஞ்சல் முன்னால் வரும்போது அவள் எட்டி வாங்கினாள்.

“படிக்கத் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“அப்படின்னா படிக்காம போடு. படிக்கறவங்ககிட்ட கையெழுத்து வாங்கறது பெரும்பாடா இருக்கு.”

அவள் படித்தாள். ‘என் கணவர் சடையப்பன் இயல்பிலேயே நடுங்கும் தன்மையுடையவர். சித்திரை ஒன்பதாம் நாள் காலை அவர் அளவுமீறி நடுங்கியதால் கூரை விழுந்தது, அதனால் இறந்தார். நிலம் அசையவில்லை.’

சடையப்பன் நடுங்கி அவள் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, தாலி கட்டும்போது. அதைச் சொல்லிக்காட்டியே பதினாலு வருஷம் அவனை அடக்கி வைத்திருந்தாள்.

“ஐயா, இதுல அவரு பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. நான் நடுங்கினேன். என்னாலதான் விழுந்துச்சுன்னு எழுதிக்குங்க.”

“நீ உசிரோட இருக்கியேம்மா. விழுந்த கூரைக்கு அடியில செத்துக் கிடந்தவர்தான் பொறுப்பு. சட்டம் அப்படி.”

“கையெழுத்துப் போடலைன்னா?”

“உன் வீட்டுக் கல்லு மட்டும் அங்கேயே இருக்கும். இரண்டு அடுக்கும்.”

ஊஞ்சல் பின்னால் போயிற்று. முன்னால் வந்தது. அவள் மூன்று முறை அதைப் போகவிட்டாள். வெண்ணி இப்போது உயரமாகிவிட்டாள். பாயில் படுத்தால் அவள் தலை சரியாக நடுக் கல்லுக்கு நேர் கீழே வரும். நான்காவது முறை ஊஞ்சல் வந்தபோது உமையாள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். முழுப்பெயர் எழுதினாள். கை நடுங்கவில்லை. அதைப் பூவராகனார் கவனித்து, “உனக்கு வியாதி குறையுது போல,” என்று மகிழ்ந்தார்.

மறுவாரம் வண்டிகள் வந்து கற்களை ஏற்றிக்கொண்டு போயின. ஊரே நின்று வழியனுப்பியது. பாரம் ஏற்றிவிட அத்தனை பேர் ஓடி வந்ததைப் பார்த்த வண்டிக்காரர்கள், நாட்டுப்பற்று மிக்க ஊர் என்று போகுமிடமெல்லாம் சொன்னார்கள். கற்கள் தலைநகரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் ஊஞ்சல் மண்டபத்துக்குக் கூரையாயின. நாட்டின் எல்லாச் சங்கிலிகளும் ஒரே விதானத்தில் தொங்க வேண்டும் என்பது தலைமை ஊஞ்சலாரின் கனவு. அதனால் நான்கு அடுக்குப் பாவினார்கள்.

குழிக்கரையில் பனையோலை வேய்ந்தார்கள். மழைக்கு ஒழுகியது. அதைப் பற்றி ஒருவரும் புகார் எழுதவில்லை.

அடுத்த ஆட்டம் மண்டபத் திறப்பு விழாவன்று வந்தது. குழிக்கரையில் பாதி ஓலைக்கூரைகள் படுத்துவிட்டன. வெண்ணி ஓலையை விலக்கிக்கொண்டு தும்மித் தும்மி வெளியே வந்தாள். தலையெல்லாம் தூசு. உமையாள் அவளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் தரையில் உட்கார்ந்து, வெகுநாள் கழித்து, சத்தம் போட்டு அழுதாள். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா, தும்மல்தான்,” என்றாள் வெண்ணி. “அதான்டீ அழறேன்,” என்றாள்.

இந்த முறை ஆட்டம் மலையோடு நிற்கவில்லை. தலைநகர்வரை போயிற்று. நல்ல வேளையாக, ரிப்பன் வெட்டும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று விதி. வெள்ளி, பித்தளை, இரும்பு என எல்லா ஊஞ்சல்களும் வெளியே மாந்தோப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. மண்டபம் முதலில் விழுந்தது. கூரைக் கற்கள் சரிந்து தோப்பெங்கும் பரவின. பிறகு மாமரக் கிளைகள் முறிந்தன. திடநாட்டின் ஒட்டுமொத்த அரசாங்கமும் ஒரே நேரத்தில் காலூன்றி நின்றது.

சட்டப்படி அந்த நொடியில் எல்லோருக்கும் பதவி போயிற்று. தலைமை ஊஞ்சலார், “பல்லக்கு!” என்று கத்தினார். பல்லக்குத் தூக்கிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யார் உத்தரவுங்க?” என்று ஒருவன் பணிவாகக் கேட்டான். மாலைவரை அந்த நாட்டில் அரசாங்கம் இல்லை. சந்தை வழக்கம்போல் நடந்தது.

பிறகு அறிஞர் குழு கூடியது. குழு உறுப்பினர்களும் பதவி இழந்தவர்கள் என்பதால் நின்றபடியே விவாதித்தார்கள். அது அவர்களுக்கு மிகவும் சிரமமாக இருந்தது. இரண்டு நாளில் முடிவு கண்டார்கள். கற்கள் முதலில் பரவின, கால்கள் பிறகுதான் ஊன்றின. ஆகவே அதிகாரிகளின் கால் பட்டது தரையில் அல்ல, கூரையில். கூரையில் நிற்பவரை இறங்கிவிட்டவர் என்று சொல்ல முடியாது. உண்மையில் அவர்கள் முன்னைவிட உயரத்தில் இருக்கிறார்கள். பதவிகள் எல்லாம் அப்படியே நீடிக்கின்றன. தரையை எவரும் தொடவே இல்லை என்பதால், அது ஆடியதா என்று சொல்லத் தகுதியுள்ளவர் எவரும் இல்லை.

மாந்தோப்பில் புதிய ஊஞ்சல்கள் கட்டப்பட்டன. கால் இன்னும் உயரத்தில் இருக்கும்படி சங்கிலிகளை ஒரு முழம் குறைத்தார்கள்.

இவ்வளவும் நடந்தபின் உமையாள் ஒருமுறை நில உறுதி அலுவலகத்துக்குப் போனாள். மனு எதுவும் கொண்டுபோகவில்லை.

“இப்பத்தான் தலைநகரமே ஆடிடுச்சே,” என்றாள் ஏகாம்பரத்திடம். “அவரைப் பத்தி எழுதினதை மட்டும் மாத்த முடியுமான்னு பாருங்க.”

ஏகாம்பரம் இறப்புப் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. மை நன்றாகக் காய்ந்திருந்தது.

சடையப்பன், குழிக்கரை. காரணம்: நடுக்கம். நிலம்: அசையவில்லை.